மெட்டுக்கு மேலே பெயர் போடுங்கள்

ஒரு லேப்டாப்பும் ஹெட்போனும் இருந்தால் இன்று யாரும் பழைய பாட்டைப் பிரித்துப் பார்க்கலாம். குரலைத் தனியாகவும் தபேலாவைத் தனியாகவும் உருவித் தரும் மென்பொருள் இலவசமாகவே கிடைக்கிறது. நான் மெல்லிசைக் குழுவில் கீபோர்டு வாசித்துவிட்டு ஒலிப்பதிவுக் கூடத்துக்குப் போனவன். பாட்டைப் பெற்றவர்களின் பக்கமும் தெரியும், அதை எடுத்து மாற்றுகிறவர்களின் பக்கமும் தெரியும். இரண்டு தரப்பும் எனக்கு வேண்டியவர்கள். ரீமிக்ஸ், மாஷப், கவர் என்று தொடங்கும் தம்பி, தங்கைகள் என்னிடம் பெரும்பாலும் ஒரே செய்தியோடு வருகிறார்கள்: "காப்பிரைட் அடிச்சுட்டாங்க சார், என்ன பண்றது?" அந்த நிலைக்கு வருவதற்கு முன்னால் தெரிந்திருக்க வேண்டியதை இங்கே எழுதுகிறேன்.

1. எடுத்தாள்வதற்குக் கூச்சப்படாதீர்கள்.

இது நம்மிடம் புதிதாக வந்த பழக்கமில்லை. வான்மீகியிடமிருந்து கம்பன் கதையை எடுத்தான். அண்ணாமலை ரெட்டியார் புகழேற்றிய காவடிச்சிந்தின் வழியில் பாரதியும் நடந்தார். நாடக மேடையில் பிரபலமான மெட்டில் கட்சிக்காரர்கள் பாட்டுக் கட்டினார்கள். ஆரம்பகாலப் பேசும்படங்களில் இந்தி மெட்டுக்கும் கீர்த்தனை மெட்டுக்கும் தமிழ் வரி எழுதுவது அன்றாட வேலை.

ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். சந்தையில் விற்ற பழைய குஜிலிப் பாட்டுப் புத்தகம் ஏதாவது கையில் கிடைத்தால் புரட்டிப் பாருங்கள். மட்டித் தாள், தேய்ந்துபோன அச்சு, எழுத்துப் பிழைக்குக் குறைவில்லை. அப்படியிருந்தும் பாட்டுக்கு மேலே 'இன்ன பாட்டின் வர்ணமெட்டு' என்று ஒரு வரி இருக்கும். எங்கிருந்து எடுத்தேன் என்று அந்தப் பாட்டுக்காரர் ஊரறியச் சொல்லிவிட்டுத்தான் பாடத் தொடங்கினார். சந்தையில் நின்று பாடிப் பிழைத்தவருக்கு இருந்த அந்த ஒழுங்கு நமக்கும் வேண்டும். உங்கள் வீடியோவின் விளக்கப் பகுதியில் எழுதியவர், இசையமைத்தவர், பாடியவர், படம், ஆண்டு எல்லாம் முதல் வரியிலேயே வரட்டும். இது சட்டம் கேட்கும் அனுமதிக்கு ஈடாகாது. அனுமதி இருந்தாலும் இல்லாவிட்டாலும் செய்ய வேண்டியது இது.

2. ஒரு பாட்டுக்குள் குறைந்தது மூன்று உரிமைகள் இருக்கின்றன.

வரி ஒருவருடையது, மெட்டு இன்னொருவருடையது, பதிவு மூன்றாமவருடையது. பழைய கேசட்டின் உள்தாளை எடுத்துப் பாருங்கள். அடியில் பொடி எழுத்தில் வட்டத்துக்குள் 'பி' என்று ஒன்றும், வட்டத்துக்குள் 'சி' என்று ஒன்றும் இருக்கும். 'பி' அந்த ஒலிப்பதிவைக் குறிப்பது. பக்கத்தில் உள்ள ஆண்டுதான் நீங்கள் முதலில் பார்க்க வேண்டியது.

இந்தியச் சட்டப்படி ஒலிப்பதிவின் உரிமை வெளியான ஆண்டுக்குப் பிறகு 60 ஆண்டு. வரிக்கும் மெட்டுக்கும் படைத்தவர் இறந்த பிறகு 60 ஆண்டு. 'படகோட்டி' படத்தையே எடுத்துக்கொள்வோம். 1964இல் வந்தது. அந்த ஆண்டு வெளியான ஒலிப்பதிவின் காலம் 2024 முடிவோடு தீர்ந்தது. இதை வைத்துக்கொண்டு "இனி ஃப்ரீ சார்" என்று ஒரு தம்பி என்னிடம் ஓடி வந்தார். வரி எழுதிய வாலி 2013இல்தான் மறைந்தார். அவர் வரிகள் 2073 முடியும்வரை காப்பில் இருக்கும். இசை விஸ்வநாதன்–ராமமூர்த்தி இருவரும் சேர்ந்து அமைத்தது. சேர்ந்து செய்த படைப்புக்குக் கடைசியாக மறைந்தவரிலிருந்து கணக்கு. விஸ்வநாதன் 2015இல் போனார், ஆகவே 2075 வரை. பதிவு பொதுவாகியும் பாட்டு பொதுவாகவில்லை.

அப்படியானால் பதிவு பொதுவானதால் என்னதான் லாபம்? நாளைக்கு வரிக்கும் மெட்டுக்கும் உரியவர்களிடம் அனுமதி வாங்கினால், பதிவுக்காக மூன்றாவது கதவைத் தட்ட வேண்டாம். அதுவும் பழைய இசைத்தட்டிலிருந்து எடுத்தால்தான். அண்மையில் மெருகேற்றி விட்ட டிஜிட்டல் பதிப்பில் கை வைத்தால் அதற்குத் தனியாக ஒருவர் வந்து நிற்கலாம்.

இந்த மூன்றும் எப்போதும் ஒரே கையில் இருக்காது. 2024இல் 'மஞ்சும்மல் பாய்ஸ்' மலையாளப் படம் 'குணா' படப் பாட்டை எடுத்தாண்டது. இசைநிறுவனத்திடம் உரிமை வாங்கினோம் என்றது படத்தரப்பு. பாட்டுக்கு இசையமைத்த இளையராஜாவிடமிருந்து நோட்டீஸ் வந்தது. 2017இல் பாடகர் எஸ்.பி.பி.யின் மேடை நிகழ்ச்சிக்கு அவர் நோட்டீஸ் அனுப்பியபோது ஊரே இரண்டாகப் பிரிந்து பேசியது நினைவிருக்கும். தன் மெட்டுக்கு விலை கேட்கும் இசையமைப்பாளரைப் பேராசைக்காரர் என்று வசைபாட நான் ஒப்பமாட்டேன். தயாரிப்பாளர் நீட்டிய தாளில் படித்துக்கூடப் பார்க்காமல் கையெழுத்துப் போட்ட ஒரு தலைமுறையே இங்கே இருந்தது. அந்தக் கணக்கு இன்னும் தீரவில்லை. நீங்கள் செய்யக்கூடியது, ஒருவரிடம் வாங்கியதோடு நிறுத்தாமல், அடுத்து யாரிடம் கேட்க வேண்டும் என்று அவரிடமே விசாரிப்பது.

3. ஏழு விநாடிக் கதையை நம்பாதீர்கள்.

"ஏழு விநாடிக்குள் எடுத்தால் பிரச்சினை இல்லை", "முப்பது விநாடி வரைக்கும் ஓகே." இப்படி எந்தச் சட்டத்திலும் இல்லை. ஜெர்மனியில் கிராஃப்ட்வெர்க் குழு 1977இல் வெளியிட்ட ஒரு பாட்டிலிருந்து சுமார் இரண்டு விநாடித் தாளத்தை மோசஸ் பெல்ஹாம் என்ற தயாரிப்பாளர் 1997இல் எடுத்து லூப்பாக ஓடவிட்டார். இரண்டே விநாடி. அந்த வழக்கு 2016இல் அந்நாட்டு அரசியலமைப்பு நீதிமன்றம் வரை போனது, 2019இல் ஐரோப்பிய ஒன்றிய நீதிமன்றம் வரை போனது, அதற்குப் பிறகும் நீண்டது. எவ்வளவு சின்னத் துண்டானாலும் எடுத்தது எடுத்ததுதான், காதுக்கு அடையாளம் தெரியாதபடி மாறியிருந்தால் வேறு பேச்சு என்பது 2019 தீர்ப்பின் சாரம்.

'காப்புரிமையை மீறும் எண்ணமில்லை' என்று கீழே எழுதிவைப்பதும் வீண். அது யாரையும் காப்பாற்றியதில்லை.

4. கேள்வி கேட்பதற்காக எடுத்தால், கேள்வி தெளிவாக இருக்கட்டும்.

அமெரிக்க வீடியோக்களைப் பார்த்துவிட்டு 'ஃபேர் யூஸ்' என்று சொல்கிறீர்கள். நம் நாட்டில் அது அப்படியே கிடையாது. 1957ஆம் ஆண்டுச் சட்டத்தின் 52ஆம் பிரிவு சில காரியங்களைப் பெயர் சொல்லி விலக்குகிறது: ஆய்வு உள்ளிட்ட சொந்த உபயோகம், விமர்சனம், மதிப்புரை, நடப்புச் செய்தி. நையாண்டி என்றோ ரீமிக்ஸ் என்றோ அதில் ஒரு சொல்லும் இல்லை. ஆனாலும் 'விமர்சனம்' என்ற அந்த வாசல் சிறியதன்று. அதைக் கேரளத்து நாடகக்காரர் ஒருவர் காட்டினார். இந்த வழக்கை ஒவ்வொருவரும் தெரிந்துவைத்திருக்க வேண்டும் என்பது என் ஆசை.

தோப்பில் பாசி எழுதி, கே.பி.ஏ.சி. குழு 1952இல் மேடையேற்றிய நாடகம் 'நிங்ஙளென்னெ கம்யூனிஸ்டாக்கி' (நீங்கள் என்னைக் கம்யூனிஸ்ட் ஆக்கினீர்கள்). அங்கே இடதுசாரி இயக்கம் வேரூன்றியதில் அந்த நாடகத்துக்குப் பெரிய பங்கு உண்டு. நாற்பது ஆண்டு கழித்து சிவிக் சந்திரன் அதற்கு ஓர் எதிர்நாடகம் எழுதினார். பழைய பாத்திரங்கள், பழைய காட்சிகள், பழைய வசனங்கள் பலவும் அதில் வந்தன. கேள்வி மட்டும் புதிது: நீங்கள் யாரைக் கம்யூனிஸ்ட் ஆக்கினீர்கள்? இயக்கத்துக்காக எல்லாவற்றையும் கொடுத்த தலித் உழைப்பாளிகளுக்குக் கடைசியில் என்ன கிடைத்தது? பாசியின் வாரிசுகள் தடை கேட்டு நீதிமன்றம் போனார்கள். 1996இல் கேரள உயர் நீதிமன்றம் தடைக்கு இடம் தரவில்லை. எவ்வளவு எடுத்தார், எதற்காக எடுத்தார், மூலத்தோடு வியாபாரத்தில் போட்டி போடுகிறதா என்று மூன்றையும் பார்த்தது. பழைய நாடகத்தின் இடத்தைப் பிடிக்க இது எழுதப்படவில்லை, அதை விமர்சிக்கவே எழுதப்பட்டது என்று கண்டது.

ஏராளமாக எடுத்தும் சிவிக் சந்திரன் தப்பினார். எடுத்த ஒவ்வொரு காட்சியும் அவருடைய கேள்விக்கு வேண்டியிருந்தது. எம்.ஜி.ஆர். பாட்டு ஒன்றில் பெண்களைப் பற்றிச் சொன்னதை எதிர்த்து நீங்கள் மாஷப் செய்தால், எதிர்க்கும் இடத்தை மட்டும் எடுங்கள். முழுப் பாட்டையும் ஓடவிட்டு ஓரத்தில் முகம் சுளித்துக் காட்டினால் அது விமர்சனம் ஆகாது.

5. க்ளெய்ம் வேறு, ஸ்ட்ரைக் வேறு.

யூடியூப்பில் காப்பிரைட் குறியைப் பார்த்ததும் சானலே போய்விட்டது என்று பதறாதீர்கள். கன்டென்ட் ஐடி என்பது எந்திரம். 2007இலிருந்து அது ஒலியை ஒப்பிட்டுப் பார்க்கிறது. பொருந்தினால் விளம்பரப் பணம் உரிமைக்காரருக்குப் போகும், அல்லது வீடியோ தடைபடும். அதுதான் க்ளெய்ம். அதனால் சானலுக்குக் கேடில்லை. ஸ்ட்ரைக் என்பது சட்டப்படி நீக்கச் சொல்லிக் கொடுத்த மனு. 90 நாளுக்குள் மூன்று வந்தால் சானலையே மூடிவிடுவார்கள்.

எந்திரத்துக்குப் பாட்டு தெரியும், நியாயம் தெரியாது. தியாகராஜர் கீர்த்தனையை நீங்களே வீட்டில் பாடிப் போட்டாலும் ஏதோ ஒரு ஆல்பத்தின் பெயரில் க்ளெய்ம் வரும். அப்போது அஞ்சாமல் மறுத்து எழுதுங்கள். முப்பது நாளுக்குள் அவர்கள் பதில் சொல்ல வேண்டும். ஆனால் தவறு உங்கள் பக்கம் இருக்கும்போது வீம்புக்கு மறுக்காதீர்கள். அடுத்த படி ஸ்ட்ரைக், அதற்கடுத்தது வக்கீல்.

6. ஆள் பெயர் தெரியாத பாட்டுக்கும் ஆள் உண்டு.

இதைச் சொல்லும்போது எனக்கு மனசு கனக்கிறது. மதுரைப் பக்கம் ஒப்பாரி பாடும் ஓர் அம்மா. யாரோ ஒரு பையன் துக்க வீட்டில் செல்போனில் பிடித்த வீடியோ நெட்டில் ஏறியது. அதிலிருந்து நாலு வரியை ஒருவர் உருவி, பிட்ச் ஏற்றி, கீழே ட்ரம்ஸ் போட்டு டான்ஸ் ட்ராக் ஆக்கினார். நான் அந்த அம்மாவைப் பார்த்தபோது திண்ணையில் உட்கார்ந்து வெற்றிலை கிள்ளிக்கொண்டிருந்தார். பேரப்பிள்ளை போனில் அந்த ட்ராக்கைப் போட்டுக் காட்டினான். காதருகே வைத்துக் கேட்டார். "இது எந்தங்கச்சி புருசன் செத்தப்போ பாடுனதுய்யா. இதுக்கா ஆடுறாங்க?" என்று கேட்டுவிட்டுப் போனைத் திருப்பிக் கொடுத்தார்.

நாட்டுப்புற மெட்டு பொதுச்சொத்துதான், நான் மறுக்கவில்லை. ஆனால் அன்றைக்கு அந்த வாய் பாடியது பொதுச்சொத்தில்லை. நிகழ்த்துகிறவருக்கு நம் சட்டத்திலேயே தனி உரிமை இருக்கிறது. ஐம்பது ஆண்டுக்கு அது நிற்கும். கூலிக்குப் பாடினாலும் சரி, கண்ணீருக்குப் பாடினாலும் சரி. கானா, பறை, ஒப்பாரி, உடுக்கைப் பாட்டு எதுவாயினும் அந்த ஊருக்குப் போங்கள், பெயரைக் கேளுங்கள், எந்தச் சந்தர்ப்பத்தில் பாடியது என்று விசாரியுங்கள், பணத்தைப் பேசிக் கையில் கொடுங்கள். சம்மதத்தைப் போனில் குரலாகப் பதிந்துகொண்டாலும் போதும். பெரிய நிறுவனத்தின் பாட்டுக்குப் பயப்படுகிறீர்கள், வக்கீல் வைக்க முடியாத கிழவியின் பாட்டுக்குப் பயப்படுவதில்லை. இது எனக்குப் பொறுக்கவில்லை.

7. மறைந்தவரின் குரலைத் தொடும் முன் வீட்டாரைத் தேடுங்கள்.

2024இல் 'லால் சலாம்' படத்துக்காக ஏ.ஆர்.ரகுமான், காலமான பம்பா பாக்யா, சாகுல் ஹமீது இருவரின் குரலையும் செயற்கை நுண்ணறிவு கொண்டு உருவாக்கினார். குடும்பத்தாரின் அனுமதி பெற்று, உரிய பணம் கொடுத்துச் செய்ததாக அவரே அறிவித்தார். இப்படிச் செய்யலாமா கூடாதா என்று இன்னும் விவாதம் உண்டு. அது நடக்கட்டும். கேட்டுச் செய்தார், பணம் கொடுத்தார், வெளியில் சொன்னார். இந்த மூன்றில் ஒன்று குறைந்தாலும் நீங்கள் அந்த வேலையில் இறங்காதீர்கள்.

8. உங்கள் படைப்புக்கும் இதே கணக்குத்தான்.

காப்புரிமைச் சட்டத்தின் 2012 திருத்தத்துக்குப் பிறகு, சினிமாவுக்குப் பாட்டு எழுதுகிறவரும் இசையமைக்கிறவரும் திரையரங்குக்கு வெளியே வரும் வருமானத்தில் தம் பங்கை விட்டுக்கொடுத்ததாக எழுதித் தந்தாலும் செல்லாது. வாரிசுக்கோ உரிமைச் சங்கத்துக்கோ மட்டும்தான் அதை மாற்ற முடியும். இந்திப் பாடலாசிரியர் ஜாவேத் அக்தர் போன்றவர்கள் போராடி வாங்கித் தந்தது இது. 'எல்லா உரிமையும், எல்லாக் காலத்துக்கும், எல்லா ஊடகத்துக்கும்' என்று தாள் வந்தால் வீட்டுக்கு எடுத்துப் போய்ப் படித்துவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள்.

9. பொதுவானதிலிருந்து தொடங்குங்கள்.

கை பழகுவதற்கு யாரிடமும் கேட்க வேண்டாத செல்வம் நம்மிடம் எவ்வளவோ கிடக்கிறது. பாரதியின் வரிகள் எப்படிப் பொதுவாயின என்பது ஒவ்வொரு ரீமிக்ஸ்காரரும் அறிய வேண்டிய வரலாறு. 1921இல் அவர் இறந்தபோது அந்தப் பாட்டுகளுக்கு விலையில்லை. இசைத்தட்டும் பேசும்படமும் வந்தபின் விலை வந்தது. ஒலிப்பதிவு உரிமை கைமாறி ஏவி.எம். மெய்யப்பச் செட்டியாரிடம் சேர்ந்தது. டி.கே.எஸ். சகோதரர்கள் 'பில்ஹணன்' படத்தில் பாரதி பாட்டைச் சேர்த்தபோது ஏவி.எம். தரப்பிலிருந்து எதிர்ப்பு வந்தது. பாரதியைப் பாட ஒருவரிடம் அனுமதி கேட்க வேண்டுமா என்று எழுத்தாளர்களும் கலைஞர்களும் கிளம்பினார்கள். 1949இல் ஓமந்தூர் ராமசாமி ரெட்டியார் அரசு உரிமையைத் தன் கைக்குக் கொண்டுவந்தது. செட்டியாரும் தம் பங்கைப் பணம் வாங்காமலே கொடுத்தார். பிறகு அது மக்களுக்கே பொதுவாயிற்று. ஒரு கவிஞரின் எழுத்தை அரசே வாங்கி மக்களுக்குக் கொடுப்பது என்ற ஏற்பாடு நம்மிடம் அங்கிருந்துதான் தொடங்கியது. பின்னர் எத்தனையோ எழுத்தாளர்களின் நூல்கள், குடும்பத்துக்கு ஒரு தொகை கொடுத்து, இப்படி நாட்டுடைமையாகின.

பட்டுக்கோட்டை கல்யாணசுந்தரத்தின் வரிகளும் அவ்விதமே. அவர் 1959இல், முப்பது வயதுகூட ஆகாமல் போய்விட்டார். அவர் வரியை எடுத்து உங்கள் சொந்த மெட்டில் ராப் செய்யுங்கள், தடையில்லை. ஆனால் 'நாடோடி மன்னன்' படத்தில் வந்த அதே மெட்டில் செய்யாதீர்கள். எஸ்.எம்.சுப்பையா நாயுடுவின் மெட்டு இன்னும் காப்பில் இருக்கிறது.

கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமத்தோடு வரும் ஒலிகளும் உண்டு. அவற்றுக்கும் நிபந்தனைகள் உண்டு: பெயர் போடு, அதே உரிமத்தில் பகிர், விற்காதே, மாற்றாதே. 'மாற்றாதே' என்றிருப்பதை ரீமிக்ஸ் செய்யவே கூடாது. இதைக் கவனிக்காமல் மாட்டிக்கொள்கிறவர்கள் அதிகம்.

10. சட்டத்தை மாற்றக் கேளுங்கள்.

இவ்வளவும் இன்றைய சட்டத்துக்குள் நடப்பதற்கு. அந்தச் சட்டம் உங்களுக்குப் போதாது என்பதே என் கருத்து. 31சி பிரிவு கவர் பாட்டுக்கு ஒரு வழி விடுகிறது. முதல் பதிவு வந்து ஐந்து ஆண்டு கழிய வேண்டும், முன்கூட்டி அறிவிப்புக் கொடுக்க வேண்டும், ஆண்டுக்குக் குறைந்தது 50,000 பிரதிகளுக்கான உரிமைத்தொகை முன்பணமாகக் கட்ட வேண்டும், வரியிலும் மெட்டிலும் மாற்றம் செய்யக்கூடாது. ஹாஸ்டல் அறையில் உட்கார்ந்திருக்கும் பிள்ளை 50,000 பிரதிக்கான பணத்துக்கு எங்கே போவான்? மாற்றவே கூடாதென்றால் ரீமிக்ஸ் எங்கே வரும்? கேசட் வியாபாரிகளை மனத்தில் வைத்து எழுதிய விதி இது.

காலத்தையும் பாருங்கள். 1991 கடைசி வரை ஐம்பது ஆண்டாக இருந்தது. தாகூரின் படைப்புகள் பொதுவாகும் நேரம் வந்ததும் அறுபதாக நீட்டினார்கள். நீட்டும்போது நம்மை யாரும் கேட்கவில்லை.

வேறு வழிகள் இருக்கின்றன. கனடா 2012இல் ஒரு விலக்குக் கொண்டுவந்தது. வியாபார நோக்கமில்லாமல் ஒருவர் பிறர் படைப்பை வைத்துப் புதிதாக ஒன்று செய்து பகிரலாம். முடிந்தவரை மூலத்தின் பெயர் சொல்ல வேண்டும், எடுத்த பிரதி முறையானதாக இருக்க வேண்டும், மூலத்தின் வருமானத்தைப் பெரிதாகக் கெடுக்கக்கூடாது. ஐரோப்பிய ஒன்றியம் 2019இல், தளங்களில் பகிர்வோருக்கு விமர்சனம், கேலிச்சித்திரம், நையாண்டி, பாணிப் போலி ஆகியவற்றைச் செய்யும் உரிமையை உறுப்பு நாடுகள் காக்க வேண்டும் என்றது. இரண்டும் இங்கே வரலாம். காசு பார்க்கும் ரீமிக்ஸுக்கு, பிரதிக் கணக்கில்லாமல் வருமானத்தில் ஒரு பங்கு என்று எளிய உரிமமும் வரலாம். எழுதியவருக்கும் இசைத்தவருக்கும் அதனால் நட்டமில்லை. இன்று எந்திரம் மொத்தமாக உறிஞ்சிக் கம்பெனிக்குக் கொடுக்கும் பணத்தில் பாதியாவது உரியவர் வீட்டுக்குப் போகும்.

சட்டத் திருத்தம் வரும்போது நாடாளுமன்றக் குழு பொதுமக்களிடமும் துறையினரிடமும் கருத்துக் கேட்பதுண்டு. கம்பெனிகள் கட்டுக்கட்டாகத் தாளோடு போகும். நீங்கள் இன்றிலிருந்தே ஒரு நோட்டில் எழுதி வாருங்கள்: எந்தப் பாட்டுக்கு யாரிடம் கேட்டீர்கள், எந்தத் தேதியில், என்ன தொகை சொன்னார்கள், யார் பதிலே போடவில்லை, எந்த வேலையைப் பாதியில் கைவிட்டீர்கள். அழைப்பு வந்ததும் அந்த விவரத்தைத் தமிழிலேயே எழுதி, கையெழுத்துப் போட்டு அனுப்புங்கள்.